தலைச்சன்

அப்பாவை இன்னும் அடக்கம் செய்யவில்லை.
ஈயப்பெட்டி செய்பவன் முன்பணம் கேட்கிறான்.
தேவாலயத்தின் கீழறையில், உப்பும் வைக்கோலும் பரப்பி,
பதினேழு நாளாகப் படுத்திருக்கிறார்
வெஸ்டர்மோர் நாட்டின் கோமகன்.
மார்ச் மாதக் குளிர் ஒன்றுதான்
இன்னும் எங்களை நம்பிக் கடன் கொடுக்கிறது.

மேலே, கருத்த ஓக் மேசையில், கணக்கு வாசிக்கிறார்கள்.
எழுத்தர் டீட்லெஃப் தண்ணீர் குடித்துக் குடித்து
இரண்டாம் நாளாக வாசிக்கிறார்.
பாட்டனார் துருக்கியரை எதிர்த்துப் போன படைக்கு
லூபெக் வணிகரிடம் வாங்கிய நாற்பதாயிரம்.
அந்த வட்டியைக் கட்ட ஹாம்பர்க்கில் வாங்கியது.
ஹாம்பர்க் வட்டிக்கு ஈடாக
உப்பு ஊற்றும் அதைச் சுற்றிய மூன்று ஊர்களும்.
அத்தையின் சீதனத்தில் பாதி;
மீதியைக் கேட்டு வந்த கடிதங்கள் பன்னிரண்டு,
கடைசி இரண்டின் முத்திரை உடைக்கப்படவில்லை.
ஒரு யானை, கப்பலிலேயே செத்தது.
அதன் தீவனம், தனியாக.

என் சீதனத்துக்கும் ஒரு வரி உண்டு.
'தருவதாகச் சொன்னது' என்று.

என் அண்ணன்மார் இரட்டையர்.
முப்பத்தொரு வருடப் பங்காளிக் காய்ச்சல்.
ஏழு வயதில், அப்பாவின் வலப்பக்க நாற்காலிக்காக
லுடோல்ஃப் ஓட்மாரின் கையைக் கடித்தான்.
பத்தொன்பதில், வாள்முனையில்,
ஓட்மார் அவன் காதில் பாதியை எடுத்தான்.
இருவரும் பட்டத்து அங்கியில் படம் வரையச் சொன்னார்கள்.
ஓவியன் ஒரே முகத்தை இரண்டு முறை வரைந்து
இரண்டு கூலி கேட்டான். இரண்டும் நிலுவை.

மருத்துவச்சி மெக்தில்ட் ஒரு பசுவுக்காக
லுடோல்ஃபே தலைச்சன் என்று வேதத்தின்மேல் கை வைத்தாள்.
மறு வருடம் இரண்டு பசுவுக்காக ஓட்மார் என்றாள்.
மூன்றில் ஒன்றுகூட அவள் தொழுவத்துக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் அந்தியில் டீட்லெஃப் கூட்டுத்தொகையைப் படித்தார்.
அடுப்பில் ஈர விறகு சீறியது.
லூபெக்கின் ஆள் தோம்சென் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
பட்டம் தலைச்சனுக்கு; பட்டத்தோடு கடனும்.
இளையவனுக்கு வேட்டை மாளிகை, ஒரு ஏரி, அதன் மீன்கள்,
யாரும் கை வைக்க முடியாதவை.

லுடோல்ஃப் எழுந்து, பாதிக் காதைத் தடவியபடி,
வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னான்:
'அண்ணா.'
ஓட்மார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.
'இல்லை அண்ணா, நீங்கள்தான்.'

இரவோடு இரவாகச் சறுக்கு வண்டி அனுப்பி
மெக்தில்டைக் கூட்டிவந்தார்கள்.
கண்ணில் புரை விழுந்த கிழவி.
இந்த முறை பசு பற்றி யாரும் பேசவில்லை.
'உண்மையைச் சொல்' என்றார்கள்,
அதை முன்பே கேட்டிருந்தவர்கள் மாதிரி.

'ஜனவரி மாதம் அது,' என்றாள்.
'மெழுகுவர்த்திக்காரன் பழைய பாக்கி தீராமல்
ஒரு திரிகூடத் தரமாட்டேன் என்று போய்விட்டான்.
அடுப்பும் அணைந்திருந்தது.
இருட்டில் ஒன்றை எடுத்தேன், துணியில் சுற்றினேன்.
இன்னொன்றை எடுத்தேன், அதே துணிதான்,
வேறு துணி இல்லை.
உங்கள் அம்மா, எது மூத்தது என்று கேட்டாள்.
பொழுது விடியட்டும் என்றேன்.
விடிந்தபோது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று
காலைப் போட்டுத் தூங்கின.'

யாரும் பேசவில்லை.
நான் பிறந்தது ஜூன் மாத நண்பகலில், ஜன்னல் திறந்திருக்க.
அதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.
ஒருவரும் கேட்டதுமில்லை.

மெக்தில்ட் போகாமல் நின்றாள்.
'என்ன?' என்றேன்.
'மூன்று தாலர், அம்மணி. அந்த இரவின் கூலி.
இரட்டைக்கு ஆறு கேட்கவேண்டும். நான் மூன்றுதான் சொன்னேன்.'

டீட்லெஃப் தாளைத் திரும்ப விரித்தார்.
இறகை மையில் தொட்டு,
கூட்டுத்தொகைக்கும் கீழே,
வட்டி உண்டா என்று கேட்காமல், எழுதினார்.

தோம்சென் என் அண்ணன்களைப் பார்க்கவில்லை.
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும் கேட்டேன்:
கூரைச் சரிவிலிருந்து ஒரு சொட்டு.
பிறகு, நெடுநேரம் கழித்து, இன்னொன்று.